கிளியர் என்ற சொல்லும் ஆயிலிய நட்சத்திரமும்

1

சனிக்கிழமைகளில் வீட்டு வேலை முடிந்ததும் நான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான நீர்வேலிக்குத் தொலைபேசி எடுப்பேன். அங்கே அப்போது பின்னேரமாகியிருக்கும். என் தங்கச்சி வதனா வாழைத் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு நிற்பாள். அவள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி நான் சுகமா என்பதல்ல.

"அக்கா, கிளியரா கேக்குதோ?"

"ஓம், கிளியர். சொல்லு."

இது முடிந்த பிறகுதான் மழை, வாழைக்குலை விலை, அடுத்த வீட்டுக்காரரின் மதில் எல்லாம் வரும். முந்தி நாங்கள் கொழும்பு லைனில் தொண்டை கிழியக் கத்திய காலத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. இப்போது அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கிறது. ஆனாலும் கேட்பாள், நானும் சொல்லுவேன். இல்லாவிட்டால் கதை தொடங்காது.

இங்கிலாந்துக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இங்கே வந்துதான் ஆங்கிலம் கற்றேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது முழு உண்மையல்ல. இந்த ஒரு சொல்லை நான் ஊரிலிருந்தே கொண்டுவந்தேன். ஊரில் அதற்கிருந்த பொருள்களெல்லாம் போதாதென்று இங்கே அது இன்னும் குட்டி போட்டது. அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வாயிலிருந்து கேட்பதற்காக இந்த வருடம் நான் சாப்பாடு இறங்காமல் காத்திருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2

இந்த நாட்டில் ஐம்பது தாண்டிய பெண்களை அரசாங்கமே கடிதம் போட்டுக் கூப்பிட்டு மார்பைப் படம் பிடித்துப் பார்க்கும். நானும் ஒழுங்காகப் போய்வருவேன். போனால் சில கிழமையில் ஒன்றுமில்லை என்று பதில் வரும். இந்த முறை திரும்பி வரச் சொன்னார்கள்.

மகள் அபிரா ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். இடது பக்கத்தில் ஏதோ தெரிகிறதாம். ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்பிப் பார்க்க வேண்டுமாம். புற்றுநோயா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் தெரியுமாம். வைத்தியர் மிக மெதுவாக, மிக அன்பாகச் சொன்னார். அவர்கள் அன்பாகக் கதைக்கத் தொடங்கினால்தான் எனக்குப் பயம் வரும்.

காரில் வரும்போது அபிரா கேட்டாள்.

"சித்திக்கு இண்டைக்கே சொல்லுவீங்களா?"

"விசரோ உனக்கு? அவளுக்கு ஏன்?"

"ஏனெண்டா அவ உங்கடை தங்கச்சி."

"முடிவு வரட்டும். எல்லாம் சரி வந்தாப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

"சரி வராட்டி?"

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தேன். அபிரா ஆங்கிலத்துக்கு மாறினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. "டு பீ கிளியர், அம்மா" என்று தொடங்கினாள். தெளிவாகச் சொல்கிறேன் கேள் என்று பொருள். அதற்குப் பிறகு வருவது எதுவும் நல்ல செய்தியாக இருந்ததில்லை. நான் சித்திக்குப் பொய் சொல்கிறேனாம். நானோ சொல்லாமல்தான் இருக்கிறேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதை இங்கே பிறந்த பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் நோய்நொடியை மறைப்பதில் வல்லவர்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து, தையல் நூல் வெட்டி, வீட்டுக்கு வந்து, முழுகி, கோயிலுக்கும் ஒருதரம் போய்வந்த பிறகுதான் வெளிநாட்டில் இருப்பவருக்குச் சேதி வரும். "நீ அங்கை தனிய இருந்து யோசிப்பாய் எண்டுதான் சொல்லேல்லை." இந்த வசனத்தைக் கேட்காத புலம்பெயர்ந்த ஆள் ஒருவரும் இருக்க முடியாது. எங்கள் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்ததை, அவர் திரும்பச் சைக்கிள் ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் அறிந்தேன். அதற்கு நான் சண்டையும் பிடித்தேன். இப்போது என் முறை வந்ததும் அதையேதான் செய்தேன்.

3

காத்திருந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. வேலையும் யோசிக்கத் தேவையில்லாத வேலை. ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறேன். ஆகவே இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

எங்கள் ஊரில் கலியாணப் பேச்சில்தான் அதை நான் முதலில் கேட்டது. தரகர் சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தைப் பற்றி "உறுதி கிளியரோ?" என்று கேட்பார். காணிக்கு வேறு உரித்தாளர் இல்லை, வழக்கு இல்லை, அடைவுக் கடன் இல்லை என்றால் கிளியர். என் விஷயத்தில் காணி கிளியர், சாதகம்தான் கிளியர் இல்லை. நான் பிறந்தது ஆயிலிய நட்சத்திரம். ஆயிலியக்காரி வந்தால் மாமியாருக்குக் கூடாது என்று எங்கள் சனம் நம்பும். எந்தத் தாய் தெரிந்துகொண்டு என்னை எடுப்பாள்? நல்ல நல்ல மாப்பிள்ளைகள் நட்சத்திரத்தைக் கேட்டதும் தேத்தண்ணீரோடு எழும்பிப் போனார்கள். கடைசியில் தாய் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்தான் இப்போது வரவேற்பறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு அந்தச் சொல் வானொலிச் செய்திக்குள் வந்தது. புலிகளின் கையில் இருந்த வரை யாழ்ப்பாணக் குடாநாடு கிளியர் இல்லாத பகுதி. ஒரு நாள் ஆமி பிடித்ததும் அதுவே கிளியரான பகுதி ஆகிவிட்டது என்றார்கள். அதைக் கேட்டபோது நாங்கள் அங்கே இல்லை. எங்கள் வலிகாமத்துச் சனம் முழுக்கச் சண்டைக்குத் தப்பிச் செம்மணி தாண்டித் தென்மராட்சிக்குப் போயிருந்தது. நீர்வேலியில் வாழைகளும் நாய்களும்தான் மிச்சம். அன்றிலிருந்து ஓர் இடம் கிளியர் என்று யாராவது சொன்னால், அங்கே இருந்தவர்கள் எங்கே என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பின்னாளில் கண்ணிவெடி எடுத்த காணிகளுக்கும் அதே சொல்லைத்தான் வைத்தார்கள். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காணிகளுக்குச் சனம் திரும்பிப் போனது.

இங்கே வந்தால் அது மேசை துடைக்கும் சொல். "கிளியர் த டேபிள்ஸ்" என்றால் பிள்ளைகள் தின்று முடித்த தட்டுகளை எடுக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது பொலிஸ் பதிவில் நான் குற்றமொன்றும் செய்யவில்லை என்று வந்த பதிலும் கிளியர். மேற்பார்வைக்காரி கட்டளை போட்டு முடித்துக் கண்ணைப் பார்த்து "இஸ் தற் கிளியர்?" என்பாள். விளங்கியதா என்ற கேள்விதான், ஆனால் விளங்கவில்லை என்று பதில் சொல்ல இடமிராது. ஆறு வயதுப் பொடியன் ஒருவன் கரட் வைத்ததற்காக என்னை "கிளியர் ஒஃப்" என்றான். ஓடு இங்கிருந்து என்று பொருள். தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் இன்றிரவு வானம் கிளியர் என்றால் சந்தோஷப்படக் கூடாது. முகில் இல்லாத இரவில்தான் குளிர் எலும்புக்குள் இறங்கும். அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.

4

இரண்டாவது சனிக்கிழமை எனக்குத் தாங்க முடியவில்லை. கடவுளிடம் சொல்லியாக வேண்டும். இங்கேயும் பிள்ளையார் இருக்கிறார். பழைய கம்பளத் தொழிற்சாலை ஒன்றை வாங்கி நாங்கள்தான் அவரைக் குடிவைத்தோம். ஆனால் எனக்கு நீர்வேலிப் பிள்ளையார் வேண்டும். என்னைச் சின்னனிலிருந்து தெரிந்தவர் அவர்தான். அங்கே அருச்சனை செய்விப்பதற்கு வதனாவைத் தவிர எனக்கு வேறு ஆளில்லை.

யோசித்து ஒரு கதை கட்டினேன்.

"என்னோடை வேலை செய்யிற பிள்ளை ஒண்டுக்குச் சுகமில்லை வதனா. பாவம், ஊரிலை ஒருத்தரும் இல்லை. எங்கடை பிள்ளையாருக்கு வெள்ளியிலை ஒரு அருச்சனை செய்விக்கிறியே?"

"செய்யலாம். பேர்?"

"சரோஜா."

"நட்சத்திரம்?"

இந்த இடத்தில்தான் நான் மாட்டினேன். பேரை மாற்றலாம். நட்சத்திரத்தை எப்படி மாற்றுவது? மாற்றினால் அருச்சனை வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடாதா? இந்த நாட்டு அரசாங்கத்துக்குத் தெரிந்த என் பிறந்தநாளே பிழை. ஊரில் பிந்திப் பதிந்தபோது ஐயா நினைவில் வந்த திகதியைச் சொல்லிவிட்டார். கடவுச்சீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பென்சன் கந்தோரிலும் நான் அந்தத் திகதிக்காரிதான். எனக்கென்று சரியாக இருக்கும் ஒரே அடையாளம் நட்சத்திரம். அதையும் பொய்யாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"ஆயிலியம்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"கேக்குதோ?" என்றேன்.

"கேக்குது கேக்குது. ஆயிலியம். சரி, நான் செய்விக்கிறன்."

அவள் பிறகு வாழைக்குக் கட்டிய முட்டுக்கால் விழுந்த கதைக்குப் போனாள். தப்பினேன் என்று நினைத்தேன். அபிரா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்ததும், சரோஜா யார் என்று கேட்டாள். நான் தொலைபேசியைத் துடைத்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வதனா சரோஜாவை மறக்கவில்லை.

"உன்ரை சரோஜாவுக்கு எப்பிடி?"

"இன்னும் முடிவு வரேல்லையாம்."

"சாப்பிடுறாளே?"

"பெரிசா இல்லை."

"அவளுக்குச் சொல்லு, ஒடியல் கூழ் தேவையில்லை, சும்மா கஞ்சியெண்டாலும் குடிக்கச் சொல்லு. புருசன் பாக்கிறாரோ?"

"பாக்கிறார். ஆனா அவருக்கும் பயம்போலை. கிரிக்கெட்டைப் பாத்தபடி இருக்கிறார், ஸ்கோரைக் கேட்டா தெரியாது."

"பாவம். ராவிலை முழிச்சுக் கிடந்து யோசிக்க வேண்டாமெண்டு சொல்லு அக்கா. நான் ஒவ்வொரு வெள்ளியும் போறன்."

நான் சரோஜாவுக்காக நன்றி சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு குசினி அடுப்படியில் நின்று அழுதேன். முகம் தெரியக் கதைக்காதது எவ்வளவு வசதி. வதனாவின் கைபேசிக் கமரா பழுதென்று அவள் இரண்டு மாதமாகக் குரலில் மட்டும்தான் வருவாள். திருத்து என்று நானும் வற்புறுத்தவில்லை.

5

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது சின்ன வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். மேற்பார்வைக்காரியிடம் கையைக் காட்டிவிட்டு, குப்பைத் தொட்டிகள் வைக்கும் நடைபாதைக்கு ஓடினேன். தாதி ஒருத்தி பேசினாள். உடனே சொல்லிவிடுவாள் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். முழுப் பேர். முகவரியின் முதல் வரி. பிறந்த திகதி.

அவ்வளவு பதட்டத்திலும் ஐயாவின் பிழைத் திகதியைச் சரியாகச் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "இட்ஸ் ஓல் கிளியர்."

எனக்கு அந்தச் சொல் விளங்கியது. ஆனால் நம்ப முடியவில்லை. எங்களுக்கு அந்தச் சொல்லை இலேசில் நம்பிப் பழக்கமில்லையே. என்ன கிளியர், எது கிளியர் என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் பொறுமையாக, புற்றுநோய் இல்லை, தெரிந்தது வெறும் நீர்க்கட்டி, ஒன்றும் செய்யத் தேவையில்லை, வழமைபோல வந்து காட்டினால் போதும் என்றாள். இன்னொருதரம் சொல்ல முடியுமா என்றேன். இன்னொருதரமும் சொன்னாள். அந்தப் பிள்ளை நல்லா இருக்க வேண்டும்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.  வீட்டில் இருந்த இவரிடம் தொலைபேசியில் சொன்னேன், அந்தப் பக்கம் மூக்குச் சீறும் சத்தம் மட்டும் கேட்டது. அபிராவிடம் சொன்னேன், அவள் வேலையிடத்தில் இருந்து சத்தமாக அழுதாள். பிறகு ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். கரட் பொடியன் தட்டை நீட்டினான். இரண்டு கரண்டி கஸ்ரட் கூடுதலாக ஊற்றினேன்.

6

சனிக்கிழமை வரை பொறுத்திருந்தேன். எல்லாம் சரி வந்தாப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று நான்தானே சொன்னேன். அபிரா வந்து பக்கத்தில் இருந்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். சித்தி ஏசுவதைக் கேட்க அவளுக்கு ஆசை.

"அக்கா, கிளியரா கேக்குதோ?"

"ஓம்."

"சரோஜாவுக்கு எப்பிடி?"

"ஒண்டுமில்லையாம் வதனா. புற்றுநோய் இல்லையாம். கிளியராம்."

 அவள் கதிரையில் குந்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அழுகை. வதனா இலேசில் அழுகிற ஆளில்லை. செம்மணிப் பாலத்தில் சைக்கிளில் மூட்டையும் அம்மாவும் வைத்துத் தள்ளும்போதுகூட அழாதவள்.

"வதனா, நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். சரோஜா எண்டு..."

"ஒருத்தரும் இல்லை. எனக்குத் தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ ஆயிலியம் எண்ட உடனை தெரியும். அந்த நட்சத்திரத்தாலை எத்தினை வருசம் நான் கலியாணம் கட்டாமல் குந்தியிருந்தனான்? மூத்தவளுக்குச் சரி வராமல் இளையவளுக்கு எப்பிடிப் பேசுறது எண்டு அம்மா ஒவ்வொரு சம்பந்தத்தையும் திருப்பி அனுப்பினவ. உலகத்திலை ஆர் மறந்தாலும் நான் மறப்பனே அந்த ஆயிலியத்தை?"

அபிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"முதல் வெள்ளி ஐயர் பேர் கேட்டவர்" என்றாள் வதனா. "சரோஜா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. பிள்ளையாருக்கு என்னத்துக்குப் பொய்? யோகராணி, ஆயிலியம் எண்டுதான் சொன்னனான். எல்லா வெள்ளியும் உன்ரை பேர்தான்."

"தெரிஞ்சுகொண்டு ஏனடி என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீ இல்லையெண்டு பொய் சொல்லுவாய். கோயிலுக்குப் போட்டு வந்து அதைக் கேக்க எனக்கு விருப்பமில்லை. நீ சரோஜா எண்டு சொன்னாலும் சாப்பிடேல்லை, நித்திரையில்லை எண்டு உண்மையைத்தானே சொன்னனீ. எனக்கு அது போதும்."

 நான் ஒளித்துவைத்தேன் என்று பெருமைப்பட்ட அத்தனை நாளும் தங்கச்சி என் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறாள். தனியாகக் கிடக்கிறேன் என்று நான் நினைத்ததுதான் பொய். அபிரா என் கையைப் பிடித்துக்கொண்டு, தொலைபேசிக்குக் குனிந்து, தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

"சித்தி, நீங்களும் ஒண்டும் ஒளிக்கேல்லைத்தானே?"

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"சித்தி?"

"பொறு பிள்ளை. கமராவைப் போடுறன்."

பழுதான கமராவில் வதனா வந்தாள். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அதை மெல்லக் கழற்றினாள். இரண்டு கண்ணிலும் புரைப் படலம் முத்தி, முகம் பிடிபடாமல் போய், ஒவ்வொன்றாக வெட்டி லென்ஸ் வைத்திருக்கிறார்களாம்.

"நீ அங்கை தனிய இருந்து யோசிப்பாய் எண்டுதான் சொல்லேல்லை" என்றாள்.

நான் ஏசத் தொடங்கினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து என்னை வடிவாகப் பார்த்தாள்.

"இப்ப எல்லாம் தெரியுது அக்கா. வாழையிலை இவ்வளவு பச்சையெண்டதை மறந்துபோனன். ஆனா நீ நல்லா மெலிஞ்சு போனாய்."

முந்தியென்றால் வெளிச்சம் போதாது, அதுதான் அப்படித் தெரிகிறது என்றிருப்பேன்.

"ஓம்" என்றேன். "மெலிஞ்சிட்டன். நல்லாப் பயந்து போனன்."

நெடுநேரம் கதைத்தோம். வைக்கப் போகும்போது, அவள் கண்ணுக்காக இங்கே பிள்ளையாருக்கு அருச்சனை செய்விக்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. வெட்கத்தோடு கேட்டேன்.

"வதனா, உன்ரை நட்சத்திரம் என்ன?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"திருவோணம். ஆருக்கும் கரைச்சல் குடுக்காத நட்சத்திரம். அதுதான் வீட்டிலை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை."

7

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கம்பளத் தொழிற்சாலைக் கோயிலுக்குப் போனேன். அபிராவும் வந்தாள். வரிசையில் நிற்கும்போது தன் நட்சத்திரம் என்னவென்று கேட்டாள். உத்தரட்டாதி என்றேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் தடக்கியது, ஆனாலும் விடவில்லை.

எங்கள் முறை வந்தது. ஐயர் பேர் கேட்டார்.

"வதனா. திருவோணம்."

"ஆர், தங்கச்சியோ? சுகமில்லையோ?"

"சுகமில்லாமல் இருந்தவ ஐயா" என்றேன். "எனக்கு இப்பதான் தெரியும்."